மூன்று சொல் அளவு மௌனம்

நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எங்கள் வீட்டில் இருட்டிவிடும். அயர்லாந்துக்கு வந்த இத்தனை வருடங்களில் ரொட்டிக்குள் குளிர்ந்த கோழித்துண்டை வைத்துத் தின்னப் பழகிவிட்டேன், பனி உறைந்த சாலையில் கார் ஓட்டப் பழகிவிட்டேன், டிசம்பரில் நாலு மணிக்கே அணைந்துபோகும் பகலுக்கும் பழகிவிட்டேன். ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் அந்தியுமாக உட்காருவதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே மங்கலாகவாவது ஒரு பகல் இருக்கும். செல்போனுக்குள், குலசேகரத்தில், எங்கள் வீட்டு ஹாலில் அம்மா டியூப்லைட்டைப் போடுவாள். வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள் என்பதால் ஊருக்கு இருட்டும் முன்பே எங்களுக்கு இருட்டிவிடும்.

ஒருநாள் என்னோடு வேலை பார்க்கும் ஷிவோன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அன்று ஊரில் கரண்ட் இல்லை. ஹால் சுவரில் மாட்டிய, சிம்மும் பாட்டரியும் போட்ட காமிரா கரண்ட் போனாலும் ஓடும், இருட்டில் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். முகம் சாம்பல் பூசியதுபோலவும் கண்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகவும் தெரியும். அம்மா மடியில் வேதப்புத்தகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பேய்ப் படமா? எதில் வருது? இன்னும் எத்தனை எபிசோட் இருக்கு?" என்று கேட்டாள் ஷிவோன். "இது என் அம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் சிவந்து, ஒன்றுக்கு நாலு தடவை மன்னிப்புக் கேட்டு, ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். இந்த நாட்டில் எல்லாத் தர்மசங்கடத்துக்கும் டீதான் மருந்து. நான் அதைக் குடிக்கவில்லை. எனக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது.

அந்தக் காமிராவை மாட்டியது நான்தான். அப்பா இறந்த பிறகு அண்ணன் குவைத்திலும் நான் இங்கேயும், அம்மா தனியாகவும் ஆனபோது விடுப்பில் போய் ஹால் சுவரில், வாசல் கதவுக்கு மேலே, ஆணியடித்து மாட்டினேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீடுகளில் இப்போது காமிராதான் குடியிருக்கிறது. அதில் பேசவும் செய்யலாம் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, அயர்லாந்து திரும்பிய வாரமே உற்சாகமாக, "அம்மா, மருந்து சாப்பிட்டியா?" என்று சத்தமாகக் கேட்டேன். அம்மா அப்போதுதான் கஞ்சி வடித்த பானையைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடந்துகொண்டிருந்தாள். "கர்த்தாவே!" என்று ஒரு அலறல். கஞ்சி முழுக்கக் காலில். மறுநாள் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சொவருக்குள்ள இருந்து பேசாத, கேட்டியா? செத்தவியதான் அப்படிப் பேசுவினும். ஒனக்குப் பேசணும்னா போன் போடு." சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, காமிராவின் காதிலும் வாயிலும் இடுப்புவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீடு எனக்கு ஓர் ஊமைப்படம்.

ஊமைப்படத்தில் நான் தவறவிடாமல் பார்ப்பது குடும்ப ஜெபம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அந்தி ஜெபம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு வசனம், முறை வைத்து. எங்கள் வீட்டில் முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு அண்ணன், கடைசியில் நான். அது முடிந்ததும் அம்மா ஜெபம் பண்ண, பிறகுதான் சாப்பாடு. அப்பா காலையில் பால்வெட்டு, மத்தியானம் ஷீட் அடிப்பு என்று ரப்பரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும், வசனம் என்றால் ஒரு வசனத்தோடு விடமாட்டார், ஒரு அதிகாரத்தையே ஓட்டுவார். அதற்குள் மரச்சீனிக் கிழங்கு ஆறிக் கல்லாகிவிடும். அண்ணன் அளவாக வாசிப்பான். பசி பொறுக்காத நான் வேதத்திலேயே ஆகச் சின்னதான மூன்று சொல் வசனத்தைத் தினமும் சொல்லித் தப்பிப்பேன். பள்ளிக்கூடம் போகும் வயதில் தொடங்கிய வேலை, கல்யாணமாகிப் போகும்வரை அதே வசனம்தான். "சவம், ஒனக்கு வேற ஒண்ணும் தெரியாதா?" என்று அண்ணன் இடுப்பில் குத்துவான்.

அம்மா தனியான பிறகும் நாற்காலிகளை எடுக்கவில்லை. அப்பாவின் மர நாற்காலி, அண்ணனின் நாற்காலி, என் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அதே இடத்தில். முதலில் நான் அதை வீடு பெருக்கச் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் சாண்ட்விச்சை மெல்ல மறந்து பார்த்தேன். அம்மா உட்கார்ந்து வேதத்தைத் திறந்தாள், ஆனால் வாசிக்கவில்லை. அப்பாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள், நெடுநேரம். பிறகு தலையை ஆட்டினாள். குனிந்து தன் வசனத்தை வாசித்தாள். நிமிர்ந்து அண்ணனின் நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சநேரம் இருந்தாள், தலையாட்டினாள். என் நாற்காலிப் பக்கம் திரும்பினாள், உடனே தலையாட்டினாள். பிறகு கண்ணை மூடி ஜெபம். யாரும் இல்லாத நாற்காலிகளுக்கு அம்மா முறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என் வேலை முதியோர் இல்லத்தில். நினைவு தப்பிப்போனவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சம்பளம் தரும் வித்தை. நோரா என்று ஒரு கிழவி, இறந்துபோன கணவனுக்கு தினமும் ஒரு கோப்பை டீ ஊற்றி எதிரே வைப்பாள், அவன் சொல்லும் பதிலுக்குச் சிரிப்பாள். அதற்கு என்ன பெயர், அடுத்து என்ன வரும், எப்போது அடுப்பை அணைக்க மறப்பார்கள் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். அந்தப் பாடத்தை அப்படியே அம்மாவின் தலையில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணனிடம் சொன்னதும் அவன் முடிவே செய்துவிட்டான். "இங்க கூட்டிட்டு வரவும் முடியாது, அங்க விடவும் முடியாது. மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு, எடம் சொல்லி வச்சிருக்கேன். நீ போய் வீட்டப் பூட்டிட்டு அம்மயக் கொண்டு விட்டிரு." எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அம்மா அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால் உயிரோடு இருக்கமாட்டாள் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு தினம் வேலைக்குப் போய்வந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் இல்லத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். வாழ்க்கையில் மாற்றமும் நெருக்கடியும் வரும்போது எப்படி வளைந்துகொடுப்பது என்று சொல்லித்தர நகரத்திலிருந்து ஒரு அம்மணி வந்தாள். எல்லோர் கையிலும் ஒரு ரப்பர் பேண்டைக் கொடுத்து, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டாள். "ஆசிட் நாற்றம்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் ஊற்றுவார்கள், எங்கள் முற்றம், துணி, தலையணை எல்லாம் அந்த வாடைதான் என்று விளக்கினேன். அவள் மிகுந்த இரக்கத்தோடு தலையசைத்து, "பழைய வலியைப் பகிர்ந்ததற்கு நன்றி" என்றாள். எனக்கு வலியும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் வளைந்துகொடுக்கிறவள், மொழி தெரியாத ஊரில் வேர்விட்டவள், அம்மாதான் அசையாத கல் என்று அன்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வாரம்தான் நான்காவது மௌனம் வந்தது. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. அதோடு முடிய வேண்டும், எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆளே கிடையாது. அம்மா கண்ணை மூடவில்லை. முகத்தை நேராகக் காமிராவை நோக்கித் திருப்பினாள். இல்லை, காமிராவை அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே. என் கண்ணைப் பார்க்காமல் என் கழுத்தைப் பார்க்கிற மாதிரி. அப்படியே இருந்தாள். அப்பாவுக்குக் கொடுத்ததைவிட நீண்ட மௌனம் அது. நடுவில் ஒருமுறை சிரித்தாள். பிறகு தலையாட்டிவிட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். அடுத்த நாளும் அதே. ஜெபம் முடிந்து ஒரு தட்டில் கிழங்கும் மீன்குழம்பும் போட்டு, காமிராவை நோக்கி நடந்துவந்து, படத்தின் அடிவிளிம்பைத் தாண்டிக் கையை நீட்டினாள். கை திரும்பி வந்தபோது தட்டு இல்லை.

பிறகுதான் ஷிவோன் எட்டிப் பார்த்த அந்தக் கரண்ட் இல்லாத நாள். அவள் டீ போடப் போன பிறகு கவனித்தேன். காமிராவுக்கு எதிர்ச்சுவரில் அப்பாவின் படம், கண்ணாடி போட்டது. அதில் அப்பாவின் முகம் தெரியவில்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அவை ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தன. ஐயோ, கண் சிமிட்டுகிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். படத்தில் அம்மா மெதுவாக எழுந்துபோய்ப் போனை எடுத்தாள்.

"அம்மா, வீட்டுல யாரு?"

"இங்க யாரு இருக்கா? நான்தான்."

"உண்மையச் செல்லு. எனக்குப் பேடியா இருக்கு."

"ஒனக்கு அங்க குளிருல மூளை ஒறஞ்சு போச்சு மக்களே. போய் சோறு தின்னு."

பேசும்போதே அம்மா காமிராவின் அடிப்பக்கம் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

ஒரு வாரத்தில் நான் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். குழித்துறைப் பாலம் தாண்டும்போது மழை பிடித்தது, குலசேகரம் வந்துசேரும்வரை விடவில்லை. வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை, பெட்டிக்குள் வீட்டைப் பூட்ட ஒரு புதுப் பூட்டு வேறு. அந்தி நேரம், ரப்பர் தோட்டத்துக்குள் கார் நுழைந்ததும் லைட் போட வேண்டியிருந்தது. ரப்பர் பாலுக்காக மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகள் வெளிச்சம் பட்டு ஒவ்வொன்றாக மினுங்கிப் பின்னால் போயின. வாசலில் என்னைக் கண்டதும் அம்மா கத்தவில்லை, அழவில்லை. "கால கழுவிட்டு வா. ஜெபத்துக்கு நேரமாச்சு" என்றாள். நேற்றுத்தான் குலசேகரம் சந்தைக்குப் போய் வந்தவளிடம் சொல்வதுபோல. இது நோராவின் குரல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே காமிராவின் சிறு சிவப்பு விளக்கு என்னைப் பார்த்தது. இத்தனை நாள் அதன் அந்தப்பக்கம் இருந்தவள் நான். இப்போது அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியதும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அம்மா அப்பாவின் நாற்காலியைப் பார்த்து மௌனமானாள். மழைச் சத்தத்தில் அது இன்னும் நீண்டது. அடுப்படிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. ஈரக் கால்கள் தரையில் ஒட்டி எழும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. அந்தச் சத்தம் சுவரை ஒட்டியே நடந்து, படத்தில் விழாத பாதையில் வந்து, காமிராவுக்கு நேர்கீழே பாயில் உட்கார்ந்தது.

முப்பது வயதுக்குள் ஒரு பெண். அம்மாவின் பழைய நைட்டி, ஈரத் தலைமுடி. என்னைக் கண்டதும் அவள்தான் பேயைக் கண்டவள்போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பேடிக்காத மோளே. இவதான் எக்க மவ" என்றாள் அம்மா அவளிடம். பிறகு என்னிடம், "சுஷ்மா. ஜார்க்கண்டுக்காரி. பக்கத்து எஸ்டேட்டுல பால்வெட்டுக்கு வந்தவ. ஒரு மழையில நம்ம கார் ஷெட்டுல காய்ச்சலோட சுருண்டு கெடந்தா. பொறவு நம்ம புகைப்புரைய ஒதுக்கிக் குடுத்தேன். ஷீட் ஒணக்காத புரை சும்மாதானே கெடக்கு?"

"எங்ககிட்ட ஏம்மா செல்லல்ல?"

"செல்லிட்டாலும்! வடக்கத்தி ஆளுவள வாசல்ல ஏத்தாதன்னு ஒங்கண்ணன் வாரம் வாரம் பாட்டு. நீ சொவத்துல இருந்து பாக்கிய. தட்டு வச்சுப் பாத்தேன், எதுவரைக்கும் ஒங்கண்ணு எட்டும்னு. போன தட்ட நீ கேக்கல்ல, அப்ப அதுக்குக் கீழ எட்டாது." அம்மாவின் முகத்தில் திருடித் தின்ற பிள்ளையின் சிரிப்பு. நினைவு தப்பியவளா இவள்? ஆணியடித்த இடத்தையும் கண்ணெட்டும் தூரத்தையும் அளந்து, எனக்கே கண்கட்டு வித்தை காட்டியிருக்கிறாள்.

ஜெபம் தொடர்ந்தது. முறை சுஷ்மாவிடம் வந்தபோது அவள் செல்போனைத் திறந்து இந்தியில் நிதானமாக ஒரு முழு அதிகாரம் வாசித்தாள். அம்மாவுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. "அவ என்ன வாசிக்கான்னு ஆருக்குத் தெரியும்? ஊருல அவளுக்கு ஒரு பெண்குட்டி இருக்கு. அது பேரு வரும்போ குரல் ஒடையும். அத வச்சு அது ஜெபம்னு தெரிஞ்சுக்கிடுவேன்" என்றாள். அப்பா போய், நாங்கள் போய், பால்வெட்டு நின்று, வீடே பாதி செத்த பிறகு, இந்த மனுஷி தன் ஜெபத்தைத் தெரியாத மொழிவரைக்கும் இழுத்து நீட்டியிருக்கிறாள். நான் கையில் ஒரு ரப்பர் பேண்டோடு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சாப்பிடும்போது கேட்டேன். "சுஷ்மா சரி. அந்தக் காலி நாற்காலிக்கெல்லாம் எதுக்கு நிறுத்துற?"

"ஆளு இல்லங்கதுக்காக மொறைய மாத்த முடியுமா? அவரு வாசிச்சு முடிக்காண்டாமா?"

"எனக்கு மட்டும் ஏன் அத்தறக் கொஞ்சம்? திரும்பின உடனே தலையாட்டிருத."

அம்மா மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். "நீ எப்பமும் அம்பிடுதானே வாசிப்ப."

அதில் குத்தல் இல்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு அது, சொன்னாள். இத்தனை வருடமாக அந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது மூன்று சொல் அளவு மௌனம், அதையும் நானே அளந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பூட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அண்ணனிடம் போனில் சொன்னேன், அம்மா எங்கேயும் வரமாட்டாள் என்று. அவன் குதித்தான். "ஒனக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்றான். கெட்டுத்தான் போயிற்று, நீ வந்து சரிசெய் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவனாகவே, அந்தப் பெண்ணின் ஆதார் நகலையாவது வாங்கி வை என்றான். அவனளவுக்கு அதுவே பெரிய வளைவு. கிளம்பும் நாள் ஸ்டூலில் ஏறி, "காமிராவைக் கழற்றட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "அது கெடந்துட்டுப் போட்டு. நீ பாத்துக்கிட்டு இரு" என்றாள். "அப்ப பிளாஸ்திரிய எடுக்கட்டா, பேசலாமே?" "வேண்டாம். அத எடுக்காமயே கேக்கும்." நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வந்த அன்று ஊர்ச் சூட்டுக்குக் கழற்றிப் போட்ட என் சாம்பல்நிறக் கம்பளிச் சால்வையை அந்தச் சிவப்பு நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இனிச் சொல்லப்போவது போன டிசம்பரில் நடந்தது. கிறிஸ்துமஸுக்குச் சுஷ்மா மகளைப் பார்க்க ஜார்க்கண்ட் போயிருந்தாள், அம்மா தனியாக இருந்தாள். அன்று நான் நோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ம், உன் முறை. எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள். ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்தேன். "எந்த முறை நோரா?" என்று கேட்டேன். அவள் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகளை விரல்களால் விசிறிக் காட்டினாள். சீட்டாட்டத்தைச் சொல்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன்.

செல்போனில் அந்தி. கரண்ட் இல்லை, அம்மா சாம்பல் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கான மௌனம் முடிந்தது. அம்மா வாசித்தாள். அண்ணனுக்கான மௌனமும் முடிந்தது. அம்மா என் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை. அப்பா அடிக்கடி வாசிக்கும் வேதத்திலுள்ள ஒரு நீண்ட சங்கீதத்தை, மனதில் நின்ற அளவுக்கு, தமிழில், சத்தமாகச் சொன்னேன். மைக்ரோவேவ் பக்கத்தில் நின்ற ஷிவோன் அதை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள். நடுவில் ஒரு வரி மறந்தது. தேடி எடுத்துத் தொடர்ந்தேன். அம்மா தலையாட்டவில்லை. மூன்று சொல் அளவு எப்போதோ கடந்துபோயிருந்தது. அவள் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தாள். நான் கடைசிச் சொல்லைச் சொல்லி நிறுத்தினேன். அம்மா தலையாட்டினாள்.

காமிராவில் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது, பழுப்பேறிச் சுருண்ட அதன் விளிம்பு படத்தின் ஓரத்தில் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் ஏதோ யோசனையில் இருந்திருக்கலாம் என்று ஷிவோன் சொன்னாள். இருக்கலாம். நான் அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

ஜெபம் முடிந்து அம்மா எழுந்தாள். ஒருமுறைகூட மேலே, காமிராவை, நான் இருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை. நேராக என் சிவப்பு நாற்காலிக்குப் போனாள். அதன் முதுகில் கிடந்த சால்வையை உதறி, இரண்டு பக்கமும் இழுத்து, முன்பக்கம் சேர்த்துப் போர்த்திவிட்டாள். குலசேகரத்தில் அன்று குளிர் இல்லை. சாப்பாட்டு அறையில் என் கை தானாகத் தோளுக்குப் போய், எதையோ சரிசெய்துகொண்டது.